பழைய ஸ்கேனருக்கு எந்த வழி?
மண்டபம் ஊரில் உள்ள கருவாட்டுக் கடை ஒன்றில், பழைய வகையான 32-பிட் டிரைவர் (கருவியைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்) மட்டுமே கொண்ட பழைய ஸ்கேனரை விண்டோஸ் 11 கணினியில் இயக்க இரண்டு வழிகளை ஒப்பிட்டோம். முதல் வழி, பழைய டிரைவரை இணக்கப் பயன்முறையில் (பழைய விண்டோஸ் போல நடந்துகொள்ளும் அமைப்பில்) நிறுவுவது; எளிதாகத் தோன்றும். ஆனால் விண்டோஸ் 11 64-பிட் பதிப்பாக மட்டுமே வருவதால், 32-பிட் டிரைவரை அது ஏற்பதே இல்லை. 64-பிட் டிரைவர் கிடைக்கும் கருவிகளிலும், முறையான டிஜிட்டல் கையொப்பம் (வெளியிட்டவரை உறுதிசெய்யும் மின்முத்திரை) இல்லையெனில் தடை வரும். அந்தச் சரிபார்ப்பை அணைத்துவிடலாம் என்பார்கள், வங்கிக் கணக்கைக் கையாளும் கணினியில் நான் அதற்கு உடன்படமாட்டேன். இரண்டாவது வழியாக, மெய்நிகர் கணினியில் (கணினிக்குள் மென்பொருளாக இயங்கும் இன்னொரு கணினியில்) 32-பிட் விண்டோஸ் 7-ஐ ஏற்றி, யூஎஸ்பி இணைப்பை அதனிடம் ஒப்படைத்ததும் பழைய டிரைவர் அப்படியே இயங்கியது. (அதற்கு முன், உப்புக்காற்றில் துருவேறிய கேபிள் முனையைக் கவனிக்காமல் டிரைவரையே ஒரு மாலை முழுதும் பழித்தோம்.) நினைவகம் கூடுதலாகத் தேவைப்பட்டாலும் இதுவே எங்களுக்குப் பொருந்தியது, விண்டோஸ் 7-க்கான வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டதால், அதற்கு மட்டும் இணையத்தைத் துண்டித்து வைத்திருக்கிறோம்.