சுவரா, ஜக்ளிங்கா, செருப்பு வரிசையா? வீட்டில் ஃபுட்பால் பழக எது உதவும்

என் மகளுக்கு 11 வயது. வாரத்தில் 3 நாள் ஃபுட்பால் பயிற்சிக்குப் போகிறாள். போன வருஷம் ஒரு நாள் கிரவுண்ட் ஓரமாக உட்கார்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் அவள் காலில் பந்து எத்தனை முறை படுகிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஓட்டம், ஸ்ட்ரெச்சிங், வரிசையில் காத்திருப்பது, தண்ணீர் குடிப்பது எல்லாம் போக, நூறைக்கூடத் தொடவில்லை. கோச்சைக் குறை சொல்ல வழியில்லை. 22 பிள்ளைகளை ஒரே ஆள் பார்த்துக்கொள்கிறார். பந்தோடு பழகும் வேலை வீட்டில்தான் நடக்க வேண்டும் என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

அதற்கு எல்லோரும் சொல்லும் வழிகள் மூன்று. சுவரில் அடித்து வாங்குவது, பந்தைக் கீழே விடாமல் தட்டும் ஜக்ளிங், கோன்களை வரிசையாக வைத்து அவற்றுக்கிடையே பந்தைத் தட்டிக்கொண்டே வளைந்து ஓடும் டிரிப்ளிங். ஒரு வருஷமாக மூன்றையும் மாற்றி மாற்றிச் செய்து பார்த்துவிட்டோம். தினமும் 20 நிமிடம்தான் கிடைக்கும், ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் நான் சுவரைத்தான் சொல்வேன்.

பின்பக்கக் காம்பவுண்ட் சுவரில், தரையை ஒட்டி, ஒரு முழ அகலத்தில் இரண்டு கட்டங்களைச் சாக்பீஸால் வரைந்தேன். ஒன்று வலது காலுக்கு, ஒன்று இடது காலுக்கு. 3 மீட்டர் தள்ளி நின்று பாதத்தின் உட்பக்கத்தால் அடிக்க வேண்டும். ஊன்றிய கால் கட்டத்தைப் பார்த்து நின்று, அடிக்கும் காலின் கணுக்கால் விறைப்பாக இருந்தால் பந்து நேராகக் காலுக்கே திரும்பி வரும். நுனிக்காலால் குத்தினாலோ செம்பருத்திச் செடிப் பக்கம் ஓடிவிடும். நாலு தடவை செடிக்குள் குனிந்து எடுத்த பிறகு, யாரும் சொல்லாமலே அவள் பாதத்தைத் திருப்பி வைக்க ஆரம்பித்தாள். நிமிடத்துக்கு 15 பாஸ் என்று வைத்தால்கூட 10 நிமிடத்தில் 150 பாஸ் அடித்து, 150 முறை பந்தை வாங்கியிருப்பாள். கிரவுண்டில் ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்ததைவிட அதிகம்.

வாங்குவதுதான் முக்கியம். 90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் நேரத்தை எல்லாம் கூட்டினாலும் இரண்டு மூன்று நிமிடம்தான் தேறும். அந்த நேரத்தில் முதல் டச், அதாவது வரும் பந்தைக் காலால் முதலில் தொட்டு அடக்குவது, சரியாக விழுந்தால்தான் அடுத்தது எதுவும் நடக்கும். நெதர்லாந்து வீரர் டென்னிஸ் பெர்காம்ப் சிறுவனாக ஆம்ஸ்டர்டாமில் மணிக்கணக்கில் சுவரில் பந்து அடித்துப் பழகியவர். 1998 உலகக் கோப்பைக் காலிறுதியில், அர்ஜென்டினாவுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில், சக வீரர் ஃபிராங்க் டி போயர் தூரத்திலிருந்து தூக்கி அனுப்பிய பந்தை வலது காலால் அப்படியே அமர்த்தி, அடுத்த டச்சில் தடுப்பாளரைக் கடந்து, மூன்றாவதில் கோல் போட்டார். நெதர்லாந்து 2-1 என்று ஜெயித்தது. நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது அந்த முதல் டச்சைத்தான்.

சுவரிலும் குறை உண்டு. பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிடும், பின்னால் நெருக்க ஆளும் இல்லை. அதனால் பிள்ளை குனிந்த தலை நிமிராது. இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் அவளுக்குப் பின்னால் நின்று விரல்களைக் காட்டுவேன். பந்து சுவரில் பட்டுத் திரும்புவதற்குள் அவள் தோளுக்கு மேல் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். முதல் வாரம் பாதிப் பந்து தவறியது. அப்புறம் பழகிவிட்டது. இன்னொரு தொல்லை சத்தம். பின்வீட்டு அக்கா ஒரு நாள் எட்டிப் பார்த்து, “மத்தியானம் மட்டும் வேண்டாம்மா, மாமியார் அப்பதான் கண்ணசருவாங்க” என்றார். அன்றிலிருந்து காலை ஆறரைக்கு மாற்றிக்கொண்டோம்.

ஜக்ளிங்கை நான் கொஞ்சம் குறைவாக மதித்திருந்தேன். ஆட்டத்தில் அப்படி மெதுவாக, முழங்கால் உயரத்தில், ஒரே சீராகப் பந்து எப்போது வரப்போகிறது? ஆனால் பிள்ளைக்கு அதில் ஒரு எண் கிடைக்கிறது. நேற்று 14, இன்றைக்கு 17. சுவர்ப் பயிற்சிக்குக் கூப்பிட வேண்டிய பிள்ளை, இதற்குத் தானாக எழுந்து வருகிறாள். 2 மீட்டர் இடம் போதும், சத்தம் கிடையாது. ஆரம்பத்தில் கையிலிருந்து விட்டு, ஒரே தட்டு, உடனே பிடி. அப்புறம் இரண்டு தட்டு. பந்து உடம்பை நோக்கிச் சுழன்று வந்தால் நுனிக்காலைத் தூக்கிவிட்டாள் என்று அர்த்தம். ஷூ லேஸ் இருக்கும் இடத்தில் தட்டினால் சுழலாமல் எழும்பும். 50 தாண்டிய பிறகு இதற்கே நேரத்தைக் கொட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சூடு ஏற்ற 5 நிமிடம், அவ்வளவு போதும். தொடை, மார்பு என்று மாற்றித் தட்டலாம். தலையை மட்டும் விட்டுவிடுங்கள். இங்கிலாந்தில் 2020 முதலே ஆரம்பப் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் அடிக்கச் சொல்லித்தர வேண்டாம் என்றுதான் வழிகாட்டுகிறார்கள்.

மூன்றாவது கோன் டிரிப்ளிங். எங்கள் வீட்டில் கோன் கிடையாது, வாசலில் கிடக்கும் ஆறு செருப்புகள்தான். ஃபோனில் வரும் வீடியோக்களில் பார்க்க அழகாக இருப்பது இதுதான். ஆனால் செருப்பு காலை நீட்டிப் பந்தைப் பறிக்காது. பத்து நாளில் பிள்ளை அந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுகிறாள், வேகமும் கூடுகிறது, கிரவுண்டில் ஒரு ஆள் எதிரே வந்ததும் பந்தை விட்டுவிடுகிறாள். உள்ளங்காலால் உருட்டுவது, பின்னுக்கு இழுத்துத் திரும்புவது, உட்பக்கம் வெளிப்பக்கம் மாற்றித் தட்டுவது போன்றவற்றுக்கு இந்த முறை நல்லதுதான். 1974-ல் நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணியை ஐரோப்பிய கிளப்புகள் மோதும் யூஎஃபா கோப்பையை ஜெயிக்க வைத்த பயிற்சியாளர் வீல் கூவர், இப்படித் தனித்தனி அசைவுகளாகப் பழக்குவதற்கு ஒரு முறையையே உருவாக்கியவர். அதை நான் மறுக்கவில்லை. செருப்புகளை எடுத்துவிட்டுத் தம்பியையோ அக்காவையோ எதிரே நிறுத்துங்கள் என்கிறேன். ஏழு வயதுத் தம்பி ஒருவன் குறுக்கே ஓடிவந்தால் அது ஆறு செருப்புக்கு மேல்.

மொட்டை மாடிதான் இடம் என்றால் பந்தை மாற்ற வேண்டும். பெரியவர்கள் ஆடும் 5-ஆம் எண் பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ. சிமெண்ட் தரையில் அது துள்ளிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பக்கத்து வீட்டுத் தகரத்தில் விழும். உள்ளரங்கில் சின்ன இடத்தில் ஆடும் ஃபுட்சால் ஆட்டத்தின் பந்து 62 முதல் 64 செ.மீ.தான், ஆனால் எடை ஏறக்குறைய அதே அளவு, துள்ளலோ ரொம்பக் குறைவு. 2 மீட்டர் உயரத்திலிருந்து போட்டால் முதல் துள்ளலில் 65 செ.மீ.க்கு மேல் எழும்பக் கூடாது என்பது விதி. காலடியிலேயே கிடக்கும். அடியில் குமிழ் குமிழாக ஸ்டட் வைத்த ஷூவை மாடியில் போட விடாதீர்கள், வழுக்கிவிடும்.

சுவரே இல்லாதவர்கள் ஒரு மரப் பெஞ்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் போட்டுக் கைப்பிடிச் சுவரோடு முட்டுக் கொடுக்கலாம். அடித்த பந்தைத் திருப்பி அனுப்பும், வலை கட்டிய ரீபவுண்டர் வாங்கத் தேவையே இல்லை.

எங்கள் சுவரில் வலது கட்டத்துக்குள் பெயிண்ட் முழுக்கப் போய்விட்டது. இடது கட்டத்தில் இப்போதுதான், கட்டத்துக்கு வெளியே இருந்த பந்துத் தடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகர்ந்து வருகின்றன.