சியோல் ஜிம்ஜில்பாங் போகிறவர்கள் கவனத்துக்கு: படுக்க வைத்துப் போடும் பில்

கொரியாவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் லிஸ்டில் இப்போதெல்லாம் ஜிம்ஜில்பாங் என்கிற பொதுக் குளியல், சூட்டறைக் கூடம் கட்டாயம் இருக்கிறது. கொரியன் சீரியல்களில் துண்டைத் தலையில் சுருட்டிக் கட்டிக்கொண்டு, தரையில் உட்கார்ந்து வேகவைத்த முட்டையை உடைத்துத் தின்பார்களே, அந்த இடம்தான். போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. சியோலுக்குப் பக்கத்து ஊரான சுவோனில் குடியிருக்கிறேன், குளிர்காலம் முழுக்க எங்கள் தெருமுனை ஜிம்ஜில்பாங்கில்தான் கிடப்பேன். ஆனால் சியோலில் டூரிஸ்டுகள் மொய்க்கிற ஏரியாவில், கோயம்புத்தூரில் இருந்து வந்திருந்த என் சித்தி பெண்ணுக்குப் போன வாரம் நடந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் அங்கே எப்படி என்று சொல்லிவிடுகிறேன். வாசலில் நுழைவுக் கட்டணம். எங்களுக்கு ஆளுக்கு 15,000 வோன், நம்ம ஊர்க் கணக்கில் சுமார் 900 ரூபாய். டி-ஷர்ட், அரை டிரவுசர், துண்டு, கையில் மாட்டிக்கொள்ள நம்பர் போட்ட சாவி வளையம் தருவார்கள். உள்ளே எது வாங்கினாலும் அந்த நம்பரில் ஏறும், கிளம்பும்போது மொத்தமாகக் கட்ட வேண்டும். செம்மண் அறை, உப்பு அறை, ஐஸ் அறை எல்லாம் பொது ஹாலில். அங்கே டி-ஷர்ட்டோடு ஆண், பெண், குழந்தை குட்டி எல்லாரும் ஒன்றாகப் புரளலாம். குளிக்கிற பகுதி மட்டும் பெண்களுக்குத் தனி, ஆண்களுக்குத் தனி. அங்கே உடம்பில் பொட்டுத் துணி கூடாது, யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். போனுக்கும் அங்கே இடமில்லை. அது நியாயமான விதி, குறை சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாகிப் போவதும் அதே விதிதான்.

அழுக்குத் தேய்த்துவிடும் 'செஷின்' நடப்பது அந்தப் பகுதிக்குள்தான். பிளாஸ்டிக் உறை போட்ட கட்டிலில் படுக்க வைத்து, 1960களில் பூசானில் உருவான 'இத்தாலி டவல்' என்கிற முரட்டுத் துணிக் கையுறையை மாட்டிக்கொண்டு, கழுத்தில் ஆரம்பித்து உள்ளங்கால் வரை தேய்ப்பார்கள். ஒழுங்காகச் செய்தால் செத்த தோல் ரப்பர் துருவல் மாதிரி சாம்பல் நிறத்தில் உருண்டு உருண்டு வரும். பார்க்க அசிங்கம், ஆனால் எழுந்த பிறகு உடம்பு லேசாகிவிடும். ஒழுங்காக என்றால், முதலில் இருபது முப்பது நிமிஷமாவது சுடுதண்ணித் தொட்டியில் ஊற வேண்டும். ஊறாத தோலில் அந்தக் கையுறையைப் போட்டால் சிராய்ப்புதான்.

கவுண்டரில் ஆங்கிலத்தில் அச்சடித்த அட்டை இருந்தது. தேய்ப்பு 40,000 வோன் என்று போட்டிருந்தார்கள். எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு நான் மேலே செம்மண் அறைக்குப் போய்விட்டேன். தேய்ப்புக்குப் போன சித்தி பெண்ணைத் தொட்டியில் சரியாக ஊறக்கூட விடவில்லை. இறங்கின கையோடு நம்பரைக் கூப்பிட்டுப் படுக்க வைத்திருக்கிறார்கள். தோளில் தேய்க்கும்போதே எரிந்திருக்கிறது. "பெயின், பெயின்" என்றிருக்கிறாள். அந்த அம்மாள் "கேன்சானா, கேன்சானா" என்று சிரித்துக்கொண்டே தொடர்ந்திருக்கிறார். ஒன்றுமில்லை, பரவாயில்லை என்று அர்த்தமாம். எரிவது யாருக்கு?

கவிழ்ந்து படுத்திருக்கும்போதுதான் அடுத்தது ஆரம்பம். "ஆயில்? ஓகே?" முகத்தில் வெள்ளரிக்காய் அரைத்துப் பூசிக்கொண்டே "ஃபேஸ், ஓகே?" தலையில் ஷாம்பூவை ஊற்றிவிட்டு "ஹேர், ஓகே?" விலையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. மூக்குக் கண்ணாடி லாக்கரில், போன் லாக்கரில், பர்ஸ் லாக்கரில். கண்ணுக்கு மேல் வெள்ளரிக்காய். இந்தக் கோலத்தில் யார் எழுந்து உட்கார்ந்து விலை பேசுவார்கள்?

"தேய்க்கிறதுலயே சேர்ந்ததுன்னு நெனச்சேன்க்கா" என்றாள் வெளியே வந்ததும். ஏறியிருந்த கணக்கு: தேய்ப்பு 40,000, எண்ணெய் மசாஜ் 60,000, முகம் 20,000, தலை 10,000. மொத்தம் 130,000 வோன், ஏறக்குறைய 8,000 ரூபாய். வலது தோளில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து, அதன் மேல் எண்ணெய் பட்டு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

நான் குளியல் பகுதிக்குள் போய்ப் பார்த்தேன். சுவரில் கொரிய மொழியில் விலைப் பலகை தொங்குகிறது. அதே தேய்ப்பு அங்கே 30,000! கவுண்டரில் வந்து கேட்டால், அது ரெகுலராக வருகிறவர்களுக்காம். சரி, எண்ணெய்க்கு யாரிடம் சம்மதம் வாங்கினீர்கள் என்றால், தேய்க்கிறவர்கள் எங்கள் ஊழியர்கள் இல்லை, இடத்தை வாடகைக்கு எடுத்துச் செய்கிறவர்கள், அவர்களிடம் கேளுங்கள் என்று கையை விரித்தார்கள். தேய்ப்பவர்கள் தனிக் கணக்கில் வேலை செய்வது கொரியாவில் சகஜம்தான், எங்கள் தெருமுனையிலும் அப்படித்தான். ஆனால் பணத்தை வாங்குவது உங்கள் கவுண்டர், அட்டை அச்சடித்தது நீங்கள். கேட்டதும், கார்டு வேண்டாம், ரொக்கமாகக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறோம் என்றார்கள். ரசீது கொடுங்கள் என்றேன். குரல் இறங்கியது அப்போதுதான்.

இந்தப் பேச்சிலேயே எங்கள் நேரம் தாண்டிவிட்டது என்று ஆளுக்கு 3,000 வோன் கூடுதல் கட்டணம் வேறு கேட்டார்கள். தகராறு பண்ணவும் மணிக்கணக்கில் வாடகை!

அங்கேயே நின்று 1330க்குப் போன் போட்டேன். கொரியச் சுற்றுலாத் துறையின் உதவி எண், ஆங்கிலத்தில் பேசலாம். விஷயத்தைச் சொன்னதும் போனைக் கவுண்டரில் கொடுக்கச் சொன்னார்கள். ஐந்து நிமிஷம் கொரிய மொழியில் பேச்சு. கூடுதல் நேரக் கட்டணம் போனது, முகமும் தலையும் கழிந்தன, தேய்ப்பு 30,000 ஆனது. எண்ணெய்க்கு மட்டும் விடவில்லை. 90,000 கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு வந்தோம்.

போகிறவர்கள் விலையைத் துணி மாற்றுவதற்கு முன்னாலேயே, கையில் போன் இருக்கும்போதே பேசி முடியுங்கள். "தேய்ப்பு மட்டும், வேறு எதுவும் வேண்டாம்" என்று ட்ரான்ஸ்லேட் போட்டுக் காட்டி, தொகையைப் போனில் அடித்துக் காட்டித் தலையாட்ட வையுங்கள். உள்ளே சுவர்ப் பலகை கொரிய மொழியில் இருந்தாலும் எண்கள் நமக்குத் தெரிந்த எண்கள்தான். எந்த வரி உங்களுடையது என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வலித்தால் "ஆப்பாயோ", மெதுவாகத் தேய்க்க "சால்சால்". இந்த இரண்டும் வாயில் இருக்கட்டும். டிப்ஸ் கேட்டால் கொடுக்காதீர்கள், கொரியாவில் அந்த வழக்கமே இல்லை.

கொரியர்கள் பயன்படுத்தும் நேவர் மேப் ஆப்பில் ரசீதுப் படத்தோடு நடந்ததை ரிவ்யூவாக எழுதினேன். மறுநாளே கடையில் இருந்து பதில் வந்தது: மனவருத்தத்துக்கு மன்னிக்கவும், அடுத்த முறை வந்தால் எண்ணெய் மசாஜில் பத்து சதவீதம் தள்ளுபடி.