ஃபார்மேட் போடாமல் என் சர்வரை மீட்டுத் தந்த திருப்பாதிரிப்புலியூர் கடை

கடலூரில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் ஓடுகிற ஒரு பெட்டியைக் கொண்டுபோய் வைத்து, "அப்டேட் போட்டேன், அதுக்கப்புறம் எழவே இல்லை" என்று சொல்லிப் பாருங்கள். "ஃபார்மேட் போட்டுடலாம்" என்பார்கள். போன ஆகஸ்டில் இரண்டு கடைகளில் இதையே கேட்டேன். ஒரு கடையில் பெட்டியைத் திறக்கவுமில்லை, திரையில் மாட்டவுமில்லை. மூன்றாவதாகப் போன கடைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாடலீஸ்வரர் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. வெளியே பெரிய போர்டு கிடையாது.

ஃபார்மேட் என்றதும் எனக்கு ஏன் அடிவயிறு கலங்கியது என்று சொல்லிவிடுகிறேன். என் அப்பா மஞ்சக்குப்பத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கரை கடந்தபோது கூரை பிய்ந்து, நெகடிவ் வைத்திருந்த டிரங்குப் பெட்டிகளில் தண்ணீர் இறங்கியது. பாதிக்கு மேல் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டது. தப்பியதை நானே மூன்று வருடமாக ஸ்கேன் செய்து, தேவனாம்பட்டினம் வீட்டில் ஒரு சர்வரில் வைத்திருக்கிறேன். சர்வர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆபீசில் கழித்துப் போட்ட மினி பிசி, 256 ஜிபி எஸ்எஸ்டி, அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். படங்கள் எல்லாம் யுஎஸ்பியில் தொங்கும் 4 டிபி டிஸ்க்கில்.

ஒரு ஞாயிறு ராத்திரி அப்டேட் போட்டேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் புதிதாக வந்தது, ரீஸ்டார்ட் கேட்டது, கொடுத்தேன். பெட்டியில் விளக்கு எரிந்தது, ஃபேன் சுற்றியது. ஆனால் நெட்வொர்க்கில் ஆளைக் காணோம். எச்டிஎம்ஐ கேபிளை டிவியில் மாட்டிப் பார்த்தால், "ஸ்டார்ட் ஜாப்" என்று ஒரு வரி வந்து ஒன்றரை நிமிடம் ஓடியது. அப்புறம் எமர்ஜென்சி மோட், அதாவது பழுது பார்க்க மட்டும் பாதியில் எழுந்து நிற்கிற நிலை. சரி, பாஸ்வேர்டு போட்டு உள்ளே போய்ப் பார்ப்போம் என்றால் அதற்கும் வழியில்லை. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் அக்கவுண்ட் பூட்டியிருக்கிறது, என்டரை அழுத்து என்றது. அழுத்தினால் சுற்றி வந்து அதே இடத்தில் நின்றது. டெபியனை நிறுவும்போது ரூட் பாஸ்வேர்டை வெறுமையாக விட்டால் இப்படித்தான் ஆகும் என்பதைப் பிறகு அந்த மூன்றாவது கடைத் தம்பி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பெட்டியை வாங்கியதும் அவர் செய்த முதல் காரியம், 4 டிபி டிஸ்க்கைக் கழற்றி ஒரு துணியில் சுற்றி என் கையிலேயே கொடுத்தது. "இது உங்ககிட்டயே இருக்கட்டும்க்கா. இப்போதைக்கு இது எனக்குத் தேவையில்லை. படத்துக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். மூன்று நாளாகச் சரியாகத் தூங்காத எனக்கு அந்த நிமிடமே பாதி உயிர் வந்துவிட்டது.

அடுத்து மானிட்டரில் மாட்டி, ஓடும் எழுத்துகளைப் பொறுமையாகப் படித்தார். எந்தக் கெர்னலில் எழ வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் க்ரப் மெனு வந்தபோது நிறுத்தி, அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுத்தார். அதிலும் அதே ஒன்றரை நிமிடம், அதே எமர்ஜென்சி மோட். "பழைய கெர்னல்ல எழுந்தா புதுசு மேல பழி போடலாம். ரெண்டும் ஒரே எடத்துல நிக்குது. அப்ப கோளாறு கெர்னல்ல இல்ல" என்றார். பிறகு என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்: "இதுக்கு முன்னாடி எப்பக்கா ரீஸ்டார்ட் பண்ணீங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. கரண்ட் போனாலும் சர்வர் அணைவதில்லை, நானும் அணைத்ததில்லை. அவர் ஒரு பென்டிரைவில் இருந்தே ஓடுகிற லைவ் லினக்ஸை எழுப்பி, என் எஸ்எஸ்டியை வாசிக்க மட்டும் முடிகிற மாதிரி மவுண்ட் செய்தார், அதாவது அதோடு இணைத்தார். எதையும் எழுதிவிடக் கூடாது என்பதற்காக. உள்ளே சர்வர் தானே எழுதி வைக்கும் பதிவேடான ஜர்னலில் எப்போதெல்லாம் பூட் ஆகியிருக்கிறது என்ற பட்டியலை எடுத்தார். கடைசியாக ஜனவரியில். அதற்குப் பிறகு ஆகஸ்ட்தான்.

பிப்ரவரியில் நான் டிஸ்க்கை மாற்றியிருந்தேன். பழையது 2 டிபி, இடம் போதவில்லை என்று 4 டிபி வாங்கி, படங்களைக் காப்பி எடுத்து, கையாலேயே மவுண்ட் செய்து வைத்தேன். அதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே மாட்ட வேண்டும் என்று எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் ஒரு வரி இருக்கும். அதில் பழைய டிஸ்க்கின் அடையாள எண் அப்படியே இருந்தது. யூயூஐடி என்பார்கள், கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து.

தம்பி சுவரில் தொங்கிய தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்தார். அதன் பின்பக்கம் எஃப்எஸ்டேப்பில் இருந்த எண்ணின் கடைசி நாலு எழுத்தை எழுதினார். டிஸ்க்கை ஒரு நிமிடம் கேட்டு வாங்கி மாட்டி, அதன் எண்ணின் கடைசி நாலு எழுத்தைக் கீழே எழுதினார். மேலே 7c1e, கீழே a940. தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். எனக்குப் புரிந்துவிட்டது. இல்லாத டிஸ்க்குக்காகச் சர்வர் 90 நொடி காத்திருந்து, வரவில்லை என்றதும் மேலே போகாமல் நின்றிருக்கிறது. அப்டேட் போட்டதால் கெட்டுப்போகவில்லை. பிப்ரவரியிலிருந்தே இருந்த கோளாறு, ரீஸ்டார்ட் செய்த அன்றுதான் வெளியே வந்தது. இந்த ஆறு மாதத்தில் இன்வெர்ட்டர் ஒருநாள் கைவிட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

எண்ணை மாற்றுவது ஒரு நிமிட வேலை. அவர் அதோடு விடவில்லை. அந்த வரியில் நோஃபெயில் என்று சேர்த்தார். இனி டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் எழுந்துவிடும், நெட்வொர்க்கில் கிடைக்கும், வீட்டிலிருந்தே சரி செய்யலாம். ஆனால் இதில் ஒரு ஆபத்து உண்டு. டிஸ்க் மாட்டாத நேரத்தில் அந்த ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும். படம் ஏற்றும் மென்பொருள் அது தெரியாமல் எஸ்எஸ்டியிலேயே எழுதி நிரப்பிவிடும். அதனால் டிஸ்க்கைக் கழற்றிய நிலையில், சாட்டர் கட்டளையால் அந்தக் காலி ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டினார். டிஸ்க் மாட்டிவிட்டால் வழக்கம்போல எழுதலாம். நான் எத்தனையோ வழிகாட்டிகள் படித்திருக்கிறேன். நோஃபெயில் போடச் சொன்னவர்கள் பலர், இதைச் சொன்னவரை நான் பார்த்ததில்லை.

ரூட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொல்லி, நான் டைப் செய்யும்போது எழுந்து வெளியே போய் நின்றார். எஃப்எஸ்டேப்பில் தப்பு இருக்கிறதா என்று ரீஸ்டார்ட் செய்யாமலே சோதிக்க ஃபைண்ட்மவுண்ட் கட்டளையில் வெரிஃபை என்று ஒரு வசதி இருப்பதையும் காட்டினார். பெட்டி அணைந்திருக்கும்போதும் அதன் கடிகாரத்தை ஓட வைக்கும் பயாஸ் பேட்டரியை அளந்து பார்த்தார். 3 வோல்ட் காட்ட வேண்டிய சிஆர்2032 2.4-ல் இருந்தது, மாற்றினார். கடலோர வீடு என்பதால் யுஎஸ்பி முனையில் பச்சை பூத்திருந்தது, அதையும் துடைத்தார்.

கடைசியாக, எல்லாம் சரியா என்று பார்க்க ஏதோ ஒரு படத்தைத் திறந்தார். மாசி மகத்தன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் தீர்த்தவாரிக்கு வந்த கூட்டம், அப்பா எழுபதுகளில் எடுத்தது. தம்பி கொஞ்ச நேரம் அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார். "இதுக்கு இன்னொரு காப்பி எங்கக்கா இருக்கு?" என்று கேட்டார். இல்லை என்றேன். அந்தப் பழைய 2 டிபியில் ஸ்கேன் செய்த மூலப் படங்களை மட்டும் ஏற்றி, அண்ணன் வீட்டில் விழுப்புரத்தில் வைக்கச் சொன்னார். ஒரே வாரத்தில் வைத்துவிட்டேன்.

கூலி 650, பேட்டரி 50, ஆக மொத்தம் 700 ரூபாய். இந்த வேலைக்கு இரண்டாயிரம் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

குறையும் உண்டு. போனை எடுக்கவே மாட்டார். நேரில்தான் போக வேண்டும். பில் கேட்டால் ஒரு துண்டுச் சீட்டுதான் கிடைக்கும், ஆபீஸ் கணக்குக்கு அது உதவாது. மாடிப்படி செங்குத்து, கைப்பிடி கிடையாது. வயதானவர்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. எனக்கு கீழே ஜெராக்ஸ் கடைப் பையன்தான் ஏற்றிக் கொடுத்தான். மதியம் கடை பூட்டியிருக்கும். நான் முதல் முறை மூன்று மணிக்குப் போய்த் திரும்பி வந்தேன். சாயங்காலம் ஐந்துக்கு மேல் போனால் ஆள் இருப்பார்.

மானிட்டர், கீபோர்டு எல்லாம் அங்கேயே இருக்கிறது. பெட்டியின் பவர் அடாப்டரை மட்டும் மறக்காமல் எடுத்துப் போங்கள். மினி பிசிக்கான அடாப்டர் அவரிடம் இருப்பில் இல்லை. அதற்காகவே நான் தேவனாம்பட்டினத்துக்கு ஒரு தடவை கூடுதலாக ஆட்டோ பிடித்தேன்.