ஃபோம் போர்டா, ஈபிஓவா, ஈபிபியா? நம் ஊர்த் திடலுக்கு எந்த விமான கிட்

எஸ்.பி.எம். பள்ளி இறுதித் தேர்வு எழுதி முடித்த கையோடு அக்கா மகன் என்னிடம் கேட்டது ஒரு ரிமோட் விமானம். பெட்டியைத் திறந்ததும் பறக்கவிடுகிற மாதிரி வேண்டாம், தானே ஒட்டிக் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தான். அன்றிலிருந்து இதுவரை பினாங்கு கெலுகோர் வீட்டு வரவேற்பறையில் நானும் அவனும் மூன்று வகை ஃபோமில் மூன்று விமானம் கட்டிவிட்டோம். இப்போது அவனுடைய நண்பர்கள் வந்து, "அங்கிள், எந்த கிட் வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கு வெயிலில், சின்னத் திடலில், முதல் விமானமாகக் கட்டுவதற்கு ஈபிபி தகட்டு கிட்தான் என் தேர்வு. மற்ற இரண்டிலும் நல்லது உண்டு. யாருக்கு, எங்கே என்பதையும் சொல்கிறேன்.

எது எது என்று முதலில் பார்த்துவிடலாம். ஃபோம் போர்டு என்பது பள்ளிக்கூட புராஜெக்டுக்குப் புத்தகக் கடையில் வாங்கும் அதே அட்டை. நடுவில் 5 மில்லிமீட்டர் பாலிஸ்டைரீன் ஃபோம், இரண்டு பக்கமும் காகிதம். அமெரிக்காவின் ஃபிளைட் டெஸ்ட் குழு இந்த அட்டையில் கட்டும் விமானங்களின் வரைபடங்களை இலவசமாக வெளியிட்டதால்தான் இது உலகம் முழுக்கப் பரவியது. லேசரில் வெட்டிய கிட்டாகவும் வாங்கலாம். ஈபிஓ அச்சில் வார்த்து வரும் ஃபோம். இறக்கை, உடல், வால் எல்லாம் முழு வடிவத்தோடு பெட்டிக்குள் இருக்கும். ஈபிபி என்பது பாலிபுரொப்பிலீன் மணிகளை உப்ப வைத்துச் செய்த ஃபோம். வளைத்தால் வளையும், விட்டால் பழையபடி நிமிரும். கார் பம்பருக்குள் அடி தாங்க வைப்பதும் இதே பொருள்தான். கிட்டில் இதைத் தகடாக அறுத்து, பாகங்களாக வெட்டி, கார்பன் கம்பிகளோடு அனுப்புவார்கள்.

இந்த விளையாட்டில் எடைதான் எல்லாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இறக்கை நீளம் 80 செ.மீ., அகலம் 20 செ.மீ. என்றால் பரப்பு 16 சதுர டெசிமீட்டர். விமானத்தின் மொத்த எடை 320 கிராம் என்றால், ஒவ்வொரு சதுர டெசிமீட்டரும் 20 கிராமைச் சுமக்கிறது. அப்படிப்பட்ட விமானத்தை ஏறத்தாழ மணிக்கு 21 கி.மீ. வரை வேகம் குறைத்தாலும் கீழே விழாது. அதே இறக்கையில் 480 கிராம் ஏற்றினால் அந்தக் குறைந்தபட்ச வேகம் 26 கி.மீ. பக்கம் போய்விடும், திரும்புவதற்கு எடுக்கும் வட்டமும் ஒன்றரை மடங்காகும். 5 கி.மீ. என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். காற்பந்துத் திடலின் ஓரத்தில் நின்று, எதிர்க்கோடி மரத்தை நோக்கி விமானம் போவதைப் பார்க்கும்போது தெரியும். பழகாத விரலுக்கு அந்த ஒரு நொடிதான் மிச்சம்.

ஃபோமின் பங்கு இதில் எவ்வளவு? ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள 6 மி.மீ. ஈபிபியில் அந்த இறக்கையை வெட்டினால் வெறும் ஃபோம் 19 கிராம்தான் வரும். ஃபோம் போர்டில் இரண்டு பக்கக் காகிதத்தின் எடை மட்டுமே அதைத் தாண்டிவிடும். மடித்துக் கட்டும் இறக்கை என்றால் மேலும் கீழும் அட்டை, அதற்குள் ஒரு தாங்கு பட்டை, அப்புறம் பசை. கிராம் கிராமாக ஏறிக்கொண்டே போகும்.

எங்கே பறக்கவிடுகிறோம் என்பதும் கிட்டைத் தீர்மானிக்கிறது. தீவில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம், அக்கரையில் பட்டர்வொர்த் விமானப்படைத் தளம். விமான நிலையச் சுற்றுவட்டாரத்தில் அனுமதி இல்லாமல் பறக்கவிடக் கூடாது. மற்ற இடத்திலும் 400 அடிக்கு மேலே போவதற்கு மலேசிய சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். அதனால் நாங்கள் விமானத்தை மைவி காரின் பின் இருக்கையில் படுக்க வைத்து, இரண்டாம் பாலத்தில் ஏறி 24 கி.மீ. கடந்து, நிபோங் தெபால் பக்கம் ஒரு தோட்டத் திடலுக்குப் போகிறோம். நிர்வாகத்தில் கேட்டு வைத்திருக்கிறோம். காலை ஏழரைக்கு இறங்கினால் ஒன்பதரை, பத்து வரை காற்று அடங்கியிருக்கும். அதற்கு மேல் கடல்காற்று எழுந்துவிடும். திடலைச் சுற்றி மூன்று பக்கம் செம்பனை. புல்லில் பனி. திரும்பும்போது காருக்குள் உலை போலச் சூடு. இந்த மூன்றும்தான் எங்கள் விமானங்களைச் சோதித்தன.

முதலில் கட்டியது ஃபோம் போர்டு. கட்டுகிற சந்தோஷம் என்று பார்த்தால் இதற்கு ஈடு கிடையாது. ஒரு பக்கக் காகிதத்தை மட்டும் வெட்டி, நடு ஃபோமை நசுக்கி, மறுபக்கக் காகிதத்தையே கீலாக வைத்து மடிக்கும்போது தட்டையான அட்டை கண் முன்னால் இறக்கையாக எழும்பும். மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்சி எல்லாம் ஒரு தனிக் கூட்டில் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டை அப்படியே உருவி அடுத்த விமானத்தில் செருகிக்கொள்ளலாம். மூக்கு நசுங்கினால் வரைபடத்தைப் பார்த்து அரை மணி நேரத்தில் புதுசு வெட்டிவிடலாம். மூன்றிலும் செலவு குறைவும் இதில்தான்.

ஆனால் இதை ஒட்டுவது பசைக் குச்சியைச் சூட்டில் உருக்கி விடும் ஹாட் குளூ துப்பாக்கியால். ஒரு ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட்டு முடித்து, திரும்பும் வழியில் நாசி கண்டார் சாப்பிட இறங்கினோம். கார் வெயிலில் ஒரு மணி நேரம் நின்றிருக்கும். வந்து கதவைத் திறந்தபோது, இறக்கையில் ஒட்டிய சர்வோ (அசையும் மடலைத் திருப்புகிற குட்டி மோட்டார்) இடம் விட்டு நகர்ந்து, அதன் வயரில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், பசை ஜவ்வு மாதிரி நூல் இழுத்தது. மோட்டார் பலகையைப் பிடித்து லேசாக அசைத்தேன், அதுவும் கூடவே வந்தது. நல்லவேளையாக அது தரையில் நடந்தது. மோட்டார் சுற்றும் நேரத்தில் அந்தப் பலகை பிடிவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்று இரவு முழுக்க எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. அதிலிருந்து மோட்டார் பலகைக்கு ஐந்து நிமிடத்தில் இறுகும் எபோக்சி பசைதான், எந்த ஃபோமாக இருந்தாலும். ஹாட் குளூவைக் குளிர் நாட்டுக்காரர்கள் தாராளமாகப் பரிந்துரைப்பார்கள். மூடிய காருக்குள் நம் நண்பகல் சூடு வேறு.

காகிதம் இன்னொரு தொல்லை. பனிப் புல்லில் நாலு முறை இறங்கியதும் விளிம்பில் காகிதம் உப்பிப் பிரிந்தது. வார்னிஷ் அடிக்கலாம், விளிம்புக்கு டேப் ஒட்டலாம். இரண்டும் எடை. லேசான விமானம் வேண்டும் என்று தொடங்கிவிட்டு அதன் மேல் வார்னிஷ் பூசிக்கொண்டிருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

ஈபிஓவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாலிஸ்டைரீனும் பாலிஎத்திலீனும் கலந்த ஃபோம் அது. சாதாரண சூப்பர் குளூ தாங்கும், பார்க்க நிஜ விமானம் போல இருக்கும். இறக்கையின் வளைவு அச்சிலேயே சரியாக வந்துவிடுவதால் காற்றிலும் நிதானமாகப் போகும். நசுங்கிய இடத்தைக் கொதிக்கும் சூட்டு நீரில் பிடித்தால் ஃபோம் மறுபடி உப்பி வரும். இந்த வித்தை உண்மையிலேயே வேலை செய்கிறது. ஆனால் கட்டுவதற்கு என்ன இருக்கிறது? இறக்கையைச் செருகி, நாலு திருகு முடுக்கினால் முடிந்தது. பையனுக்கு ஒரு மாலைப் பொழுது கூட ஆகவில்லை. எடையும் தகட்டு விமானத்தைவிடக் கூடுதல், அதனால் வேகமும் கூடுதல். எங்களுடையது செம்பனை மட்டைக்குள் புகுந்து முள்ளில் கிழிந்து, இறக்கை நடுவில் ஒரே கோடாக உடைந்தது. அந்த இறக்கையை வரவழைக்க மூன்று வாரம் காத்திருந்தோம்.

ஈபிபிக்கு வருகிறேன். இதைக் கட்டும்போதுதான் பையன் விமானம் என்றால் என்ன என்று கற்றுக்கொண்டான். பெட்டியில் வந்த இறக்கை தோசை மாதிரி தொய்ந்து கிடக்கும். அதற்குள் கார்பன் பட்டையைப் பதித்ததும்தான் அது இறக்கை ஆகிறது. அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன், ஏனென்றால் விமானம் நேராகப் பறப்பதும் பறக்காததும் இங்கேதான் முடிவாகிறது.

வீட்டில் மட்டமான டைல்ஸ் தரையைத் தேடுங்கள். மேசையை நம்ப வேண்டாம், பல மேசைகள் நடுவில் குழிந்திருக்கும். தரையில் கேக் சுடும் தாளை விரித்து, இறக்கையைக் கவிழ்த்துப் போடுங்கள். இரும்பு ஸ்கேலை அழுத்திப் பிடித்து, புத்தம் புதிய கத்தித் தகட்டால் 3 மி.மீ. ஆழத்துக்கு ஒரே இழுப்பாகக் கீற வேண்டும். பழைய தகடு ஃபோம் மணிகளைப் பிய்த்துவிடும். 3 மி.மீ. உயரமும் அரை மி.மீ. தடிமனும் உள்ள பட்டையை அந்தக் கீறலில் நெட்டுக்குத்தாக இறக்குங்கள். இருபுறமும் ஐந்து கிலோ அரிசிப் பையை வையுங்கள். அப்புறம் தண்ணீர் போன்ற மெல்லிய சூப்பர் குளூவைக் கீறல் நெடுகச் சொட்டுச் சொட்டாக விட்டால் அதுவே உள்ளே ஓடிக்கொள்ளும். சூப்பர் குளூ காற்றின் ஈரத்தில் இறுகுகிற பசை. நம் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை, சீக்கிரமே பிடித்துவிடும். ஆவி கண்ணில் ஏறும், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

பையன் முதல் தடவை பொறுமை இல்லாமல் பாதியில் தூக்கிப் பார்த்தான். அந்தக் கணத்தில் இருந்த முறுக்கு அப்படியே இறுகிவிட்டது. இறக்கையின் முன் விளிம்பையும் பின் விளிம்பையும் கண் மட்டத்தில் பிடித்துப் பார்த்தபோது, இடது முனையில் இரண்டும் ஒரே கோட்டில் இல்லை. "இது போதும் மாமா, பறந்துடும்" என்றான். "இல்லடா, வாழ்நாள் பூரா ஒரு பக்கம் சாய்ஞ்சுக்கிட்டே போகும்" என்று சொல்லி, பட்டையைப் பிரித்தெடுத்து மறுபடி பதிக்க வைத்தேன். இரண்டாவது தடவை இரண்டு மணி நேரம் அரிசிப் பையைத் தொடவே இல்லை.

காவடி ஜோடிக்க வெள்ளை ஃபோம் வெட்டியவர்களுக்குத் தெரியும், அதில் சாதாரண சூப்பர் குளூ பட்டால் குழி விழுந்து கரையும். ஃபோம் போர்டின் நடுவில் இருப்பதும் அதே பாலிஸ்டைரீன் குடும்பம். ஈபிபிக்கு அந்தப் பயம் இல்லை. அதற்கு வேறு ஒரு குணம் உண்டு. டேப் சரியாக ஒட்டாது. எய்லரான், எலிவேட்டர் என்று இறக்கையிலும் வாலிலும் அசைகிற மடல்களுக்கு டேப் கீல் வைப்பதென்றால் முதலில் அந்த இடத்தில் யூஹூ போர் மாதிரியான பசையை மெல்லியதாகத் தேய்த்து, காயவிட்டு, அதன் மேல் டேப் ஒட்டுங்கள்.

மற்ற குறைகளையும் மறைக்க விரும்பவில்லை. வேகம் கூடினால் தகட்டு இறக்கை படபடக்கும். காற்று எழுந்த பிறகு 300 கிராம் விமானம் காகிதம் போல அலையும், இறக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பெயின்டும் எளிதில் பிடிக்காது. ஆனால் அதே செம்பனையில் இதுவும் மோதியது. மூக்கு உள்ளே அமுங்கி, திரும்ப வந்து, புல்லில் உருண்டது. ஒரு கார்பன் கம்பி மட்டும் பிடி விட்டிருந்தது. திடலிலேயே நாலு சொட்டு குளூ விட்டு, பத்து நிமிடத்தில் மறுபடி மேலே அனுப்பினோம். பழகுகிறவனுக்கு அந்தக் காலையில் மிச்சமிருந்த இரண்டு பேட்டரியும் வீணாகவில்லை. என் தேர்வுக்கு இதுவே முக்கியக் காரணம்.

பால்சா கட்டையில் கட்டலாமா என்று ஒருவன் கேட்டான். அழகான கலை, ஆனால் முதல் மோதலிலேயே மாதக்கணக்கான உழைப்பு சிதறும். நாலாவது விமானமாக வைத்துக்கொள்ளட்டும்.

மின் சாமான்கள் மூன்றுக்கும் பெரும்பாலும் ஒன்றேதான். பணத்தில் பெரும்பகுதி போவதும் இங்கேதான், அதனால் ஒரு செட் வாங்கி விமானத்துக்கு விமானம் மாற்றிக்கொள்ளுங்கள். 80 செ.மீ. தகட்டு விமானத்துக்கு 25 கிராம் அளவிலான மோட்டார், 10 முதல் 12 ஆம்பியர் ஈஎஸ்சி, 9 கிராம் சர்வோ நான்கு, 8 அங்குல புரொபெல்லர், சின்ன 2 செல் லிப்போ பேட்டரி போதும். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, ஈர்ப்பு மையத்தை இறக்கையின் முன் விளிம்பிலிருந்து 5 முதல் 6 செ.மீ.க்குள் கொண்டுவாருங்கள். அதாவது அகலத்தில் கால் பங்கு முதல் 30 சதவீதம் வரை. பறந்து முடிந்ததும் லிப்போவை செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைத்து வீட்டுக்குள் எடுத்து வாருங்கள், காரில் விடவே கூடாது.

கடற்கரைப் பக்கம் அகலமான இடமும் எப்போதும் காற்றும் இருக்கிறவர், கட்டுவதைவிடப் பறக்கவிடுவதில்தான் ஆசை உள்ளவர் ஈபிஓ வாங்கலாம், வருத்தப்பட மாட்டார். கையில் காசு குறைவு, மாதம் ஒன்று கட்டிப் பார்க்க வேண்டும் என்கிற மாணவனுக்கு ஃபோம் போர்டு. ஹாட் குளூ பற்றி நான் சொன்னதை மட்டும் மறக்க வேண்டாம். பையனின் நண்பன் ஒருவனுக்கு இந்த வாரம் ஈபிபி பார்சல் வந்துவிட்டது. சனிக்கிழமை மாலை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை அந்த இரண்டு அரிசிப் பையையும் பிரிக்க வேண்டாம் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.