பல குளிர்காலங்களாக வீட்டில் கோழி சூப்: என் அனுபவத்தில் நிலைத்தவை

பாக்கெட் சூப் பொடியை விட்டுவிட்டு, குளிர் தொடங்கியதும் வாரம் ஒரு முறை வீட்டிலேயே கோழி சூப் வைக்கும் பழக்கம் எங்கள் வீட்டில் வந்து பல வருடங்கள் ஆகின்றன. செய்முறைகளுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில் எது நிலைத்தது, எது தானாகக் கழன்று போனது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: சூப்பின் ருசியைத் தீர்மானிப்பது எலும்பும் அடுப்பின் தீயும்தான். மசாலாவுக்கு அதற்கப்புறம்தான் இடம்.

எலும்பில்லாத நெஞ்சுக்கறியை மட்டும் போட்டு வைக்கும் சூப், எவ்வளவு மிளகு தட்டிப் போட்டாலும் வெந்நீர் மாதிரியே இருக்கும். காரணம் எளிது. தோல், குருத்தெலும்பு, தசைநார் இவற்றில்தான் கொலாஜன் என்ற புரதம் நிறைய இருக்கிறது. தண்ணீரில் மெதுவாக வேகும்போது அது ஜெலட்டினாக மாறிக் கரைகிறது. சூப் நாக்கில் கொஞ்சம் கனமாக, வழவழப்பாக நிற்பது அந்த ஜெலட்டினால்தான். அதனால் நான் வாங்குவது கழுத்து, முதுகெலும்பு, இறக்கை, கூடவே கோழியின் பாதம் நான்கைந்து. பாதத்தைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. நகத்தை வெட்டி, மேல்தோலை உரித்துப் போட்டால், ஒரு பெரிய பானை சூப்புக்குக் கெட்டித்தன்மை தர அந்த நான்கைந்தே போதும். ஒரு கிலோ எலும்புக்குச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் என்பது என் கணக்கு. எலும்பு மூழ்கி மேலே இரண்டு விரல் நின்றால் சரி. அதற்கு மேல் ஊற்றினால் பிறகு சுண்ட வைக்கத்தான் நேரம் போகும்.

முற்றின கோழி கிடைத்தால் அதை விடாதீர்கள். சில வாரங்களிலேயே வளர்ந்துவிடும் பிராய்லர் சீக்கிரம் வேகும், ஆனால் வாசனை குறைவு. முட்டையிட்டு முடித்த வயதான கோழியின் கறி கடிக்கக் கடினம், வேகவும் 3 மணி நேரம் பிடிக்கும். அந்தச் சாறின் ஆழம் மட்டும் பிராய்லரில் வரவே வராது.

அடுத்தது கொஞ்சம் சண்டைக்குரிய விஷயம். பச்சைக் கோழியை நான் குழாயடியில் வைத்துக் கழுவுவதில்லை. கழுவாமல் எப்படிச் சமைப்பது என்று கேட்பார்கள். பச்சைக் கோழியில் கேம்பிலோபேக்டர், சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். தண்ணீர் பட்டுத் தெறிக்கும்போது அவை தொட்டி, மேடை, பக்கத்தில் நறுக்கி வைத்த காய் என எல்லா இடத்துக்கும் போகும். அந்தக் கிருமிகளைக் கொல்வது சூடுதான். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் போதும். ரத்தம் அதிகமாக ஒட்டியிருக்கும் முதுகெலும்பு, பாதம் இவற்றை மட்டும் பச்சைத் தண்ணீரில் போட்டு ஒரு கொதி வரவிட்டு, ஐந்து நிமிடத்தில் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுகிறேன். கழுவுவதால் வரும் சுத்தத்தை விட இது நல்ல சுத்தம். நாற்றமும் போய்விடும்.

பிறகு புதிதாகப் பச்சைத் தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றவேண்டும். சுடுதண்ணீரில் ஆரம்பிக்காமல் பச்சைத் தண்ணீரில் ஆரம்பித்தால் புரதம் மெதுவாக வெளியே வந்து திரண்டு, நுரையாக மேலே மிதக்கும். எடுக்க சுலபம். இந்த நுரையைப் பலர் அழுக்கு என்று நினைக்கிறார்கள். அது உறைந்த புரதம்தான், வயிற்றுக்கு ஒன்றும் செய்யாது. சூப் தெளிவாக இருக்கவேண்டும் என்பதற்காக முதல் கால் மணி நேரம் கரண்டியோடு பக்கத்தில் நின்று வழித்துவிடுகிறேன்.

இப்போது தீ. இந்த ஒரு இடத்தில் கவனம் வைத்தால் மற்றதெல்லாம் தன்னால் சரியாகும். முதல் கொதி வந்ததும் தீயை மிகவும் குறைத்துவிடவேண்டும். சிம் என்று அடுப்பில் போட்டிருக்கும் அளவு கூடச் சில பர்னர்களில் அதிகம்தான். பானைக்குள் குனிந்து பாருங்கள்: மேற்பரப்பு லேசாக நடுங்கவேண்டும், ஓரத்தில் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் குமிழி வந்து உடையவேண்டும். சூடு ஏறக்குறைய 85 முதல் 95 டிகிரிக்குள் இருக்கிறது என்று அதற்கு அர்த்தம். தளதளவென்று கொதிக்கவிட்டால் கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். சூப் கலங்கலாகி, குடித்த பிறகு தொண்டையில் எண்ணெய்ப் பிசுக்கு நிற்கும். அப்புறம் எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. மூடியை முழுதாக மூடினாலும் உள்ளே சூடு ஏறிக் கொதித்துவிடுவதால், ஒரு கரண்டிக் காம்பு நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு மூடுகிறேன்.

இப்படி இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். கறியோடு இருக்கும் தொடைத் துண்டுகளை மட்டும் 40 நிமிடத்தில் வெளியே எடுத்து, கறியை உதிர்த்து வைத்துவிட்டு, எலும்பைத் திரும்பப் பானையில் போட்டுவிடுவேன். மொத்த நேரமும் உள்ளே கிடந்தால் கறி நார் நாராகப் போய், ருசியெல்லாம் தண்ணீருக்குக் கொடுத்துவிட்டுச் சக்கையாக நிற்கும். நெஞ்சுக்கறிக்கு 15, 20 நிமிடம் தாராளம்.

குக்கரில் வைக்கலாமா என்று எப்போதும் ஒரு கேள்வி வரும். தாராளமாக வைக்கலாம், வேலை நாட்களில் நான் வைப்பதே அதில்தான். அழுத்தத்தில் உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால் ஜெலட்டின் வேகமாக இறங்கும், 45 நிமிடத்தில் வேலை முடியும். குக்கரில் வைத்தால் சூப் கலங்கும் என்பார்கள். அப்படி ஆகவேண்டியதில்லை. அழுத்தம் நிலையாக இருக்கும்வரை உள்ளே தண்ணீர் புரண்டு கொதிக்காது. விசில் வரும்போதும், அவசரப்பட்டு ஆவியை வெளியேற்றும்போதும்தான் திடீரென்று பொங்கிக் கலங்குகிறது. முதல் விசில் வந்ததும் தீயை நன்றாகக் குறைத்து, அடுத்த விசில் வராத அளவில் வைத்திருங்கள். அணைத்த பிறகு அழுத்தம் தானாக இறங்கும்வரை தொடவேண்டாம். பானைச் சூப்பில் காய்கறி வாசனை கொஞ்சம் மென்மையாக, தனித்தனியாகத் தெரியும். குக்கர் சூப் கெட்டியாக, எல்லாம் ஒன்றாகக் கலந்து வரும். நேரம் இருக்கும் நாளில் என் ஓட்டு பானைக்குத்தான்.

காய்களைக் கடைசி முக்கால் மணி நேரத்தில்தான் போடவேண்டும். வெங்காயம், கேரட், செலரித் தண்டு, பூண்டு, தடியாக வெட்டிய இஞ்சி. முதலிலேயே போட்டால் குழைந்து, சூப்பின் மணமும் மங்கிவிடும். வெங்காயத்தின் சுத்தமான வெளித்தோலில் ஒன்றிரண்டைச் சேர்த்தால் அழகான பொன்னிறம் வரும், வடிகட்டும்போது தோல் போய்விடும். முட்டைக்கோஸ், காலிஃபிளவர் வகைகள் நீண்ட நேரம் வெந்தால் கந்தக நாற்றம் விடும் என்பதால் இதில் சேர்ப்பதில்லை. கீரை என்றால் இறக்குவதற்கு இரண்டு நிமிடம் முன்னால். மிளகை இறக்கிய பிறகு புதிதாகத் தட்டிப் போடவேண்டும். அதன் காரம் கொதியில் தாங்கும், மணம் தாங்காது.

உப்பும் கடைசியில்தான். சூப் சுண்டச் சுண்ட உப்பு ஏறும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் முக்கியமானது: ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தலைதட்டிய ஒரு டீஸ்பூன் கிட்டத்தட்ட அவ்வளவுதான். நான் ஆறு கிண்ணம் சூப்புக்கு ஒரு டீஸ்பூன் போடுகிறேன், அப்படியென்றால் கிண்ணத்துக்கு ஒரு கிராம் அளவில் நிற்கிறது. ருசி பற்றவில்லை என்றால் உப்பு டப்பாவைத் தேடாமல், அணைத்த பிறகு எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுங்கள். அல்லது காய்ந்த காளான் ஒன்றிரண்டோ பழுத்த தக்காளி பாதியோ வேகும்போதே சேருங்கள். இரண்டிலும் ருசியைத் தூக்கிக்காட்டும் குளூட்டமேட் இயற்கையாகவே இருக்கிறது, உப்புக் குறைவு தெரியாது. பொடி சூப்பை நாங்கள் விட்டதற்கு முதல் காரணமே அதிலிருக்கும் உப்புதான். கெட்டியாக்கச் சோளமாவு கரைத்து ஊற்றுவதையும் நிறுத்திவிட்டோம். எலும்பு சரியாக வெந்திருந்தால் அதற்கு வேலையே இல்லை.

நல்ல சூப்பா இல்லையா என்று ஃப்ரிட்ஜ் சொல்லிவிடும். இரவு வைத்த பாத்திரத்தைக் காலையில் திறந்தால், மேலே வெளிர்மஞ்சளாகக் கொழுப்பு ஒரு தகடு மாதிரி உறைந்திருக்கும். ஸ்பூனின் முனையை ஓரத்தில் கொடுத்தால் அப்படியே பெயர்ந்து வரும். அதற்குக் கீழே இளந்தேன் நிறத்தில் சூப் கட்டியாக நிற்கும், பாத்திரத்தைத் தட்டினால் மொத்தமும் ஆடும். கொழுப்பை வேண்டிய அளவுக்கு எடுத்துவிட முடிவதுதான் முந்தின நாளே வைத்துவிடுவதில் எனக்குப் பிடித்த விஷயம். முழுதாக எடுக்கவேண்டாம், சிறிது இருக்கட்டும். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை உடல் ஏற்றுக்கொள்ளக் கொஞ்சம் கொழுப்பு தேவைப்படுகிறது. சூப் கட்டியாக உறையவில்லை என்றால் தண்ணீர் கூடிவிட்டது, அல்லது பாதமும் இறக்கையும் குறைந்துவிட்டன என்று பொருள். குடிக்கலாம், கெட்டது ஒன்றும் இல்லை.

ஆறவைப்பதில் மட்டும் சமரசம் கூடாது. வெளியே இவ்வளவு குளிர், பானை இரவு முழுக்க மேடையிலேயே இருக்கட்டும் என்று விடுவது பலர் வழக்கம். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் சமையலறை ஃப்ரிட்ஜ் அளவுக்குக் குளிர்வதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே கிருமிகள் வேகமாகப் பெருகும். கொதித்த பிறகும் உயிரோடு இருக்கும் வித்துகளை (ஸ்போர்) உருவாக்கும் கிளாஸ்ட்ரிடியம் வகைக் கிருமிக்கு, பெரிய பானையில் மெதுவாக ஆறும் கறிச்சாறு மிகவும் வசதியான இடம். அகலமான சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, தொட்டியில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி அதில் உட்காரவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்கு அனுப்பிவிடுகிறேன். அங்கே 3, 4 நாள் இருக்கும். ஃப்ரீசரில் 2, 3 மாதம் ருசி மாறாமல் இருக்கும். உறையும்போது விரியும் என்பதால் டப்பாவின் வாய் வரை நிரப்பக்கூடாது. நூடுல்ஸையோ சாதத்தையோ சூப்பில் போட்டு எடுத்து வைத்தால், மறுநாள் சாறு மொத்தத்தையும் அதுவே குடித்துவிட்டிருக்கும், தனியாக வையுங்கள்.

சரி, உடம்புக்கு என்ன செய்கிறது? ஜலதோஷத்துக்குக் கோழிச்சாறு என்பது 12ஆம் நூற்றாண்டு மருத்துவர் மைமோனிடஸ் எழுதி வைத்த அளவுக்குப் பழையது. 1978இல் அமெரிக்காவில் ஒரு சின்ன ஆய்வு நடந்தது. சூடான கோழி சூப் குடித்தவர்களுக்கு மூக்குச் சளி நகரும் வேகம் கூடியது, ஆனால் அரை மணி நேரத்தில் பழைய நிலைக்கே வந்துவிட்டது. 2000இல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ரெனார்ட் குழு, கோழி சூப் அழற்சிக்குக் காரணமான வெள்ளையணுக்களின் நகர்வைக் குறைப்பதைக் கண்டது. அது ஆய்வகக் குடுவையில் பார்த்தது, மனிதர்களிடம் அல்ல. எங்கள் வீட்டு அனுபவமும் ஏறக்குறைய இந்த அளவில்தான் நிற்கிறது. காய்ச்சல் தன் போக்கில்தான் இறங்கும். தொண்டை இதமாகிறது, மூக்கு கொஞ்ச நேரம் திறந்துகொள்கிறது, எதையும் சாப்பிட மறுக்கும் குழந்தை இதை மட்டும் குடிக்கிறது. அதனால் ஒரே மூச்சில் பெரிய கிண்ணம் கொடுக்காமல், சின்ன டம்ளரில் அவ்வப்போது கொடுக்கிறோம். குளிரில் தாகம் சரியாகத் தெரியாமல் தண்ணீர் குடிப்பது குறைந்துவிடும், அதை ஈடுகட்டவும் உதவுகிறது. மூச்சு வாங்கினாலோ காய்ச்சல் விடாமல் இருந்தாலோ மருத்துவரிடம்தான் போகவேண்டும்.

எலும்புச் சாறு குடித்தால் மூட்டு தேயாது, கால்சியம் கொட்டும் என்று சொல்லப்படுவதை நான் நம்பவில்லை. ஜெலட்டினும் மற்றப் புரதம் போல வயிற்றில் உடைந்துதான் உள்ளே போகிறது. சாறில் இறங்கும் கால்சியமும் மிகக் கொஞ்சம். வெறும் தெளிந்த சாறில் புரதமும் அதிகமில்லை. ஒருவேளை உணவாக நிற்கவேண்டுமானால் உதிர்த்த கறியைத் திரும்பச் சேர்க்கவேண்டும்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி ஊற்றிக் கொடுக்கவும் முடியாது. உடலில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் கறியிலிருந்து சாறில் கரைந்து வரும் என்பதால், கவுட் (யூரிக் அமிலம் மூட்டில் படிந்து வரும் வலி) உள்ளவர்கள் நீண்ட நேரம் சுண்டவைத்த சூப்பைக் குறைத்துக்கொள்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்கவேண்டும். ஒரு வயது ஆகாத குழந்தைக்கு உப்புப் போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள். ரத்த அழுத்தம் உள்ள பெரியவருக்கும் அதே சாறிலிருந்து எடுத்து, எலுமிச்சையும் மிளகும் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக் கொடுக்கிறோம்.

மறுபடி சூடாக்கும்போது அப்போதைக்கு வேண்டியதை மட்டும் தனியே எடுத்து, ஒரு முழுக் கொதி வரவிட்டு, பிறகு கறியைச் சேர்த்து அதுவும் நன்றாகச் சூடேறியதும் இறக்குகிறேன். ஒரு முறை சூடாக்கியதைத் திரும்ப உள்ளே வைப்பதில்லை. அதற்காகவே இப்போதெல்லாம் ஒரு வேளைக்கு ஆகும் சின்ன டப்பாக்களில்தான் ஊற்றி வைக்கிறேன், மூடியில் தேதி எழுதி.