ஸ்கானுக்குத் தண்ணி குடியுங்கோ

கொழும்புத் தனியார் ஆஸ்பத்திரிகளைப் பற்றி லண்டனில் நாங்கள் கொஞ்சம் பெருமையாகவே கதைப்பதுண்டு. ஊருக்குப் போனால் ஒரு கிழமையில் எல்லா மெடிக்கல் ரெஸ்டும் முடித்துக்கொண்டு வரலாம் என்று. பொய்யில்லை. காலமை இரத்தம் கொடுத்தால் பின்னேரமே ரிப்போட் போனுக்கு வந்துவிடுகிறது. பிளைட், கஸ்டம்ஸ், வெள்ளவத்தைச் சாப்பாடு எல்லாம் வழமைபோல நல்லபடியாக நடந்தன, அவற்றை விடுவோம். நான் எழுத வந்தது தண்ணீரைப் பற்றி.

சித்தியின் மகளுக்கு 35 வயது. கலியாணம் முடித்து மூன்று வருசம், பிள்ளை தங்கவில்லை. "நீ அங்க டொக்டர்மாரோட வேலை செய்யிறனீ, ஒருக்கா அவளோட போட்டு வா" என்று சித்தி போன் அடித்தா. ஹரோவில் ஒரு ஜிபி சேர்ஜரியின் (குடும்ப டொக்டர்மாரின் கிளினிக்) ரிசெப்ஷனில் இருப்பவள் நான். சித்தியின் கணக்கில் அது அரை டொக்டர்.

சானல் பண்ணினோம், அதாவது ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க நேரம் பதிந்தோம். நம்பர் 27, நேரம் ஐந்து மணி. ஐந்து மணி என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். கவுண்டரில் இருந்த பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை போல.

"ஸ்கானா? தண்ணி நல்லாக் குடியுங்கோ. ஒரு லீட்டர். யூரின் போகக் கூடாது."

சரி. அதோடு விட்டிருக்கலாம்.

"மிஸ்ஸா, மிஸிஸா?"

"மிஸிஸ்."

"பேபி இருக்கா?"

"இல்லை."

"எத்தனை வருசம்?"

நடுவில் தடித்த கண்ணாடி. அதில் ஒரு சின்ன ஓட்டை. அந்தப் பக்கம் இருப்பவர் கத்தினால்தான் இந்தப் பக்கம் கேட்கும், இவளும் கத்தினால்தான் அவருக்குக் கேட்கும். பின்னால் ஹோல் நிறையச் சனம். "மூண்டு வருசம்" என்று தங்கச்சி சொன்னதை ரீவி பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா எழும்பி வந்து இவளின் கையைப் பிடித்து, கதிர்காமத்துக்கு ஒரு நேர்த்தி வைக்கச் சொன்னா. நல்ல மனுசி, குறை சொல்லவில்லை. ஆனால் நாங்கள் அங்கே போனது அதற்கில்லையே.

எங்கள் சேர்ஜரியில் நிலத்தில் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. முன்னால் நிற்பவர் முடிக்கும்வரை அதைத் தாண்டி ஒருவரும் வர முடியாது. யாராவது கவுண்டரில் தயங்கினால் என்ன விசயம் என்று கேட்க மாட்டோம், ஒரு துண்டுத் தாளை நீட்டுவோம், எழுதித் தருவார்கள். "பிள்ளை இருக்கா" என்று அங்கே நான் சத்தமாகக் கேட்டிருந்தால் அடுத்த நாளே முறைப்பாடு வந்து, மனேஜர் என்னைக் கூப்பிட்டிருப்பா.

"மிஸ்ஸா, மிஸிஸா" என்ற கேள்வியில் மருத்துவக் காரணம் இல்லாமலில்லை. கர்ப்பப்பை, சூலகம் பார்க்கிற ஸ்கான் இரண்டு விதம். வயிற்றின் மேல் ஜெல் பூசிப் பார்ப்பது ஒன்று. அதற்குத்தான் சலப்பை (சிறுநீர்ப்பை) நிறைந்திருக்க வேண்டும், நிறைந்தால்தான் குடல் விலகிக் கர்ப்பப்பை தெளிவாகத் தெரியும். மற்றது யோனி வழியாகப் பார்ப்பது. சூலகத்தையும் அதிலுள்ள முட்டைப் பைகளையும் எண்ணிப் பார்க்க அதுதான் நல்லது, அதற்குச் சலப்பை வெறுமையாக இருக்க வேண்டும். உடலுறவு கொண்டிராத பெண்களுக்கு இரண்டாவதைச் செய்வதில்லை. ஆகவே யாரோ ஒருவர் அதைக் கேட்கத்தான் வேண்டும், கதவைச் சாத்திக்கொண்டு. கொழும்பில் "மிஸ்ஸா, மிஸிஸா" அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் மிஸிஸ் என்று பதில் வாங்கிய பிறகும் எல்லாருக்கும் ஒரே லீட்டர்தான்.

இவள் குடித்தாள். டொக்டர் வேறொரு ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷன் தியேட்டரில் நின்றாராம். ஆறு மணிக்கு "சேர் வந்துகொண்டிருக்கிறார்". ஏழுக்கும் அதே வசனம். தங்கச்சி காலைப் பின்னிக்கொண்டு இருந்தாள், பிறகு எழும்பி நடந்தாள், பிறகு நடக்கவும் ஏலாமல் சுவரில் சாய்ந்து நின்றாள். ரீவியில் சிங்களத் தொடர் ஒன்று, யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில் "அக்கா, இனி ஏலாது" என்று போய்விட்டாள். திரும்பி வந்தவளை நேர்ஸ் மறித்தார். "ஐயோ நோனா, போயிட்டீங்களா? திரும்பக் குடிக்கணும் தானே." கன்ரீனில் பெரிய போத்தல் ஒன்று வாங்கி வந்து, பக்கத்தில் நின்று நானே குடிக்கவைத்தேன்.

எட்டரைக்குப் பிறகு "விசிஹத!" என்று, சிங்களத்தில் 27ஐக் கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். டொக்டர் பைலைப் பார்த்தார், ஒரு கேள்வி கேட்டார், சொன்னார்: "பாத்ரூம் போயிட்டு வாங்க. வஜைனல் ஸ்கான்."

நான் அங்கே ஒன்றும் கதைக்கவில்லை. பற்களை இறுக்கிக்கொண்டு இருந்தேன்.

ஸ்கான் நன்றாகத்தான் செய்தார், மெசினும் எங்கள் பக்கத்தில் இருப்பதைவிடப் புதுசு. ஆனால் கதைத்தது நாலைந்து நிமிசம். "பிசிஓஎஸ் மாதிரி இருக்கு, வெயிட்டைக் குறையுங்க" என்றார் (பிசிஓஎஸ் என்றால் சூலகத்தில் சின்னச் சின்ன முட்டைப் பைகள் நிறையச் சேர்ந்து மாதவிடாய் பிந்துகிற நிலை), ஒரு ரெஸ்ட் பட்டியலைக் கிறுக்கித் தந்தார். தைரொயிட், புரோலக்ரின், ஏஎம்எச், 21ஆம் நாள் புரொஜெஸ்ரரோன். இவளுக்கு மாதவிடாய் 40 நாளுக்கு ஒருக்காத்தான் வரும். முட்டை வெளிவந்ததா என்று பார்க்கிற அந்தப் புரொஜெஸ்ரரோன் பரிசோதனையை அடுத்த மாதவிடாய்க்கு ஏழு நாள் முன்னம் எடுக்க வேண்டும். 28 நாள் சுற்று வருகிறவளுக்குத்தான் அது 21ஆம் நாளில் விழும். இவளுக்கு அன்று எடுத்தால் குறைவு என்றுதான் வரும், வீட்டில் எல்லாரும் அழுவார்கள். ஏஎம்எச் கையிருப்பில் எவ்வளவு முட்டை இருக்கிறது என்று மட்டும் காட்டும். பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு அது கூடுதலாகவே வரும், ஆனால் மாதாமாதம் ஒன்று வெளியே வருகிறதா என்பது வேறு கதை. நல்ல நம்பர் வந்ததென்று சித்தி ஊரெல்லாம் சொன்னதும் வேறு கதை.

சரி, இதையெல்லாம் விடுங்கோ. மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை? ஒருவரும் கேட்கவில்லை. கவுண்டரில் இல்லை, உள்ளேயும் இல்லை. அவர் அந்த நேரம் முழுக்க வெளியே காருக்குள் இருந்தார். றோட்டோரம் அப்படி ஒரு வரிசை மாப்பிள்ளைமார், எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு. பிள்ளை தங்காத தம்பதியரில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஆண் பக்கத்திலும் காரணம் இருக்கும். விந்துப் பரிசோதனை இருப்பதிலேயே லேசான சோதனை, ஊசிகூட இல்லை. இரண்டு நாள் முதல் ஏழு நாள்வரை விலகியிருந்துவிட்டு ஒரு சின்னப் போத்தலில் கொடுப்பது, அவ்வளவுதான். இங்கிலாந்தில் ஜிபியிடம் போனால் இரண்டு பேருக்கும் ரெஸ்டுக்குத் தாள் எழுதுவார்கள். அதன் பிறகு ஸ்பெஷலிஸ்டுக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டும், ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் கருத்தரிப்பு) இலவசமாகக் கிடைக்குமா என்பது நீங்கள் எந்த ஏரியாவில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது, அந்த வயிற்றெரிச்சல் வேறு. ஆனால் மாப்பிள்ளையைக் காருக்குள் விட்டுவிட்டு வர முடியாது.

அவரைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் யார் தெரியுமா? தங்கச்சியின் ஏரியாவுக்குரிய அரசாங்க மருத்துவிச்சி, மிட்வைஃப் மிஸ்.

35 வயது நிறைந்தால் சுகவனிதையர் (வெல் வுமன்) கிளினிக்குக்கு வரச்சொல்லி அவர் இவளிடம் முன்னமே சொல்லிவைத்திருந்தார். அரசாங்கம் 1996இல் தொடங்கியது, காசில்லை, 35 வயதுக்காரரையும் 45 வயதுக்காரரையும் முக்கியமாகக் கூப்பிடுவார்கள். "அங்கயெல்லாம் சனம், வசதியில்ல" என்று இவள் இழுத்தடித்தாள். அடுத்த கிழமை நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கும் பெரிய எதிர்பார்ப்பில்லை. பழைய கட்டடம், மரவாங்கு, மேலே கரகரவென்று ஒரு விசிறி. பிரசர், சீனி, நிறை பார்த்தார்கள். மார்பைப் பரிசோதித்து, வீட்டில் தானே எப்படிப் பார்ப்பது என்று கையைப் பிடித்துக் காட்டினார்கள். பிறகு திரைச்சீலைக்குப் பின்னால் பாப் ஸ்மியர், கர்ப்பப்பைக் கழுத்துப் புற்றுநோய் வருமுன் கண்டுபிடிக்கிற சோதனை. ஒரு சின்ன மரக்குச்சியால் கர்ப்பப்பைக் கழுத்தில் மெதுவாகச் சுரண்டி, கண்ணாடித் துண்டில் தேய்த்து, பென்சிலால் நம்பர் எழுதி வைத்தார்கள். நோகவில்லை என்றாள். எங்கள் பக்கம் கண்ணாடித் துண்டு போய்விட்டது. மாதிரியில் முதலில் அந்தப் புற்றுநோயைக் கொண்டுவருகிற எச்பிவி வைரஸ் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், 25 வயதிலிருந்து கடிதம் வந்துகொண்டே இருக்கும். அப்படியிருந்தும் கவுண்டரில் நான் பார்க்கிற எங்கள் தமிழ்ப் பெண்களில் எத்தனை பேர் அந்தக் கடிதத்தை உடைக்காமலே குப்பையில் போடுகிறார்கள், கேட்டால் "எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே" என்பார்கள். வருத்தம் வருமுன் பார்ப்பதுதானே விசயம். இலங்கையிலோ 2017இலிருந்து ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்திலேயே எச்பிவி ஊசி போடுகிறார்கள். சித்திக்கு அது தெரியாது, பேத்திக்குப் போட்டாயிற்று.

மிட்வைஃப் மிஸ் சிங்களவர். தமிழ் உடைந்துதான் வந்தது, ஆனால் எந்த அவசரமும் இல்லை. மற்றவர்கள் போகும்வரை பார்த்திருந்து, கதிரையைக் கிட்ட இழுத்துப்போட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

"மஹத்தயா, உங்கட ஹஸ்பண்ட், டெஸ்ட் பண்ணினதா?"

"இல்லை மிஸ்."

"ஏன்? ரெண்டு பேரும்தானே பேபிக்கு."

ஃபோலிக் அசிட் போடுகிறாளா என்று கேட்டார். இல்லையென்றதும் எழும்பிப்போய் மாத்திரை கொண்டுவந்து தந்தார். பிள்ளையின் மூளை, முள்ளந்தண்டைப் பாதிக்கிற நரம்புக்குழாய் குறைபாடு வராமலிருக்க, கரு தங்க முன்னமே தொடங்கவேண்டிய மாத்திரை. மூன்று வருசமாகப் பிள்ளைக்காகப் பார்த்திருப்பவளிடம் இதை அதுவரை ஒருவரும் கேட்கவில்லை. காசு கட்டிய இடத்தில் கேட்காததை மரவாங்கில் இருந்து கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

ஓகஸ்டில் போகிறவர்கள், உங்கள் ஆட்களின் ஏரியாவுக்குரிய கிளினிக் எந்த நாள் என்று அந்த இடத்து மிட்வைஃபிடம் கேட்டு வையுங்கள். எல்லா நாளும் நடக்காது. ஸ்கான் என்றால் எந்த ஸ்கான் என்று கேட்டுவிட்டு அதன் பிறகு தண்ணீர் குடியுங்கள்.

போன கிழமை தங்கச்சி போன் எடுத்தாள். பாப் ரிப்போட் நோர்மலாம். அவர் வெள்ளிக்கிழமை லாபுக்குப் போறாராம். "அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ அக்கா, அவ மாமியாட்டச் சொல்லிடுவா" என்றாள்.