சிவப்பு வட்ட டைமர்: சிறப்புக் கல்வி வகுப்புக்கு வாங்கலாமா?

தாராளமாக வாங்கலாம். ஆனால் பிள்ளைகளை அவசரப்படுத்தத்தான் என்றால் வேண்டாம்.

ஆரம்பப் பள்ளியில், கோபத்தையும் பயத்தையும் அடக்க முடியாமல் தவிக்கும் குழந்தைகளுக்கு நான் சிறப்பாசிரியர். இந்த வகுப்பில் ரகளை பெரும்பாலும் பாடத்தின் நடுவில் வராது, ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு மாறும்போதுதான் வரும். படம் வரைந்துகொண்டிருக்கும் பையனிடம் "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்று சொன்னால் தலையாட்டுவான், ஆனால் அஞ்சு நிமிடம் என்பது எவ்வளவு என்று அவனுக்குப் பிடிபடுவதில்லை, அதனால் நாம் தாளை எடுக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் பிடுங்கியது போலத்தான் இருக்கும், அப்புறம் நாற்காலி பறக்கும்.

மீதி நேரத்தைக் கண்ணுக்குக் காட்டுவதுதான் இந்த டைமரின் வேலை. வேண்டிய நிமிடத்துக்குத் திருப்பி வைத்தால் சிவப்புப் பகுதி தெரியும், நேரம் போகப் போக அது சுருங்கி மறைந்துவிடும். மணி பார்க்கத் தெரியாத குழந்தைக்கும் புரியும். இந்த வகையில் பிரபலமானது டைம் டைமர். "இன்னும் எவ்வளவு நேரம்?" என்று ஓயாமல் கேட்ட தன் சின்ன மகளுக்காக ஜான் ரோஜர்ஸ் என்ற அமெரிக்கத் தாய் 1990களில் உருவாக்கியது. நான் முதலில் வாங்கியது அதே மாதிரியில் வேறொரு கம்பெனி செய்தது, டிக் டிக் சத்தமும் முடிவில் ஒரு கூர்மையான பீப்பும் உண்டு. சத்தம் தாங்காத ஒரு குழந்தை அந்த பீப் வரப்போகிறதே என்ற பயத்திலேயே காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்த டைமரானாலும் சத்தத்தை அணைக்கும் வசதி இருக்கிறதா என்றுதான் முதலில் பாருங்கள்.

60 நிமிட வட்டத்தில் 2 நிமிடம் என்பது மெல்லிய கீற்றாகத்தான் தெரியும். எங்கள் பிள்ளைகளுக்குக் குறுகிய நேரம்தான் அதிகம் தேவைப்படுகிறது, ஆகவே 5 அல்லது 20 நிமிட வட்டம் உள்ளதை வாங்குவது நல்லது. இன்னொன்று, இந்த வகை 60 நிமிட டைமரில் எண்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் போகும், 15 நிமிடம் என்பது கடிகாரத்தில் 9 இருக்கும் இடத்தில் வரும். மணி பார்க்கப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது குழப்பம்தான், அந்தப் பாடத்தின்போது டைமரை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.

டைமரைக் குழந்தையே திருப்பி வைக்கட்டும். நாம் வைத்தால் அது நம்முடைய கட்டளை. பக்கத்தில் 'முதலில் இது, பிறகு அது' என்று இரண்டு படங்கள் உள்ள அட்டையும் இருக்க வேண்டும், ஏனென்றால் சிவப்பு மறைந்தபின் என்ன வரும் என்று தெரியாவிட்டால் பயம் கூடத்தான் செய்யும். சில பிள்ளைகள் நாம் பார்க்காதபோது நேரத்தைக் கூட்டி வைப்பார்கள். அதைத் திருட்டுத்தனம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும் என்று சொல்ல வராமல்தான் அப்படிச் செய்கிறார்கள். 'இன்னும் 2 நிமிடம்' என்று எழுதிய ஓர் அட்டையைக் கொடுத்து, அதைக் காட்டி ஒருமுறை கூடுதல் நேரம் வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லிப் பாருங்கள், டைமரில் கை வைப்பது வெகுவாகக் குறையும்.

அழுதுகொண்டிருக்கும் குழந்தை முன்னால் மட்டும் தயவுசெய்து இதை வைக்காதீர்கள். அமைதி மூலையில், அதாவது கொந்தளித்த பிள்ளை தணியும்வரை உட்காரும் இடத்தில், டைமர் வைத்து "சிவப்பு போறதுக்குள்ள சரியாகணும்" என்று சொல்வதைப் பார்த்தால் எனக்கு மனசு வலிக்கும். உள்ளே கொதிப்பது அடங்க ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் ஆள்தான் வேண்டும். பரீட்சைக்கும் வேண்டாம், தோற்றுவிடுவோமோ என்று நடுங்கும் பிள்ளை தாளைப் பார்க்காமல் சுருங்கும் சிவப்பையே பார்த்துக்கொண்டிருக்கும்.

போனில் இலவச செயலிகள் இருக்கின்றனவே என்று கேட்பீர்கள். இருக்கின்றன, ஆனால் போனை மேசையில் வைத்தால் பிள்ளைக்கு டைமர் தெரியாது, போன்தான் தெரியும். மணல் டைமர் அழகு, ஆனால் கண்ணாடி உடையும், தூரத்திலிருந்து மீதி எவ்வளவு என்றும் தெரியாது.

வாங்கும்போது சிவப்பு வட்டத்தின் மேல் பிளாஸ்டிக் மூடி உள்ளதாகப் பாருங்கள், திறந்திருந்தால் விரல்கள் சும்மா இருக்காது. சத்தத்தை அணைக்க முடியாதது எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.